புதிய தொழிலுக்கு இயந்திரத்தை லீசுக்கு எடுக்கும் முன்

2019 ஆகஸ்ட் மாதத்தில், கோவை கணபதியில் நாங்கள் வாடகைக்குப் பிடித்திருந்த ஷெட்டில் எங்களுடைய முதல் சி.என்.சி. லேத், அதாவது கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும் இயந்திரம், வந்து இறங்கியது. கிரேன்காரர் கிளம்பிப் போனதும் என் அம்மா தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, இயந்திரத்தின் கதவில் சந்தனம் வைத்துவிட்டு வந்து என்னிடம் கேட்டார்: "ஏங்கண்ணு, லீசுக்குத்தானே எடுத்திருக்கே? முடியறப்போ குடுத்த பணம் திரும்பி வந்துருமில்ல?"

அவர் கேட்டதில் தவறொன்றும் இல்லை. நம் ஊரில் லீசு என்றால் வீட்டு லீசுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஐந்து லட்சமோ பத்து லட்சமோ மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இரண்டு மூன்று ஆண்டுகள் குடியிருந்து, காலி செய்யும்போது முழுப் பணத்தையும் எண்ணி வாங்கிக்கொண்டு போவதுதான் அது. இயந்திர லீசு இதற்கு நேர்மாறானது. முதலில் கொடுப்பது கொஞ்சம், மாதா மாதம் கொடுப்பது நிறைய, முடியும்போது ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பொறுத்து இயந்திரமும் கையில் இருக்காது, பணமும் கையில் இருக்காது. அம்மாவுக்கு அன்று நான் இதை விளக்கினேன். ஆனால் அந்த ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களை நானே சரியாகப் புரிந்துகொண்டது மூன்று ஆண்டுகள் கழித்துத்தான்.

எங்களிடம் வேலை பழகிய இரண்டு இளைஞர்கள் கடந்த இரண்டு மாதங்களாகச் சொந்தமாகப் பட்டறை தொடங்க முயன்று வருகிறார்கள். லீசு நிறுவனத்தின் முகவர் கொடுத்த காகிதங்களை எடுத்துக்கொண்டு மாலையில் என்னிடம் வருவார்கள். அவர்களுக்குச் சொன்னவற்றை ஒழுங்காக எழுதி வைத்தால், இதே நிலையில் இருக்கும் வேறு சிலருக்கும் பயன்படும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

முதலில், நாங்கள் ஏன் லீசுக்குப் போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இயந்திரத்தின் விலை 20 லட்சம் ரூபாய். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 3 லட்சத்து 60 ஆயிரம். வங்கியில் கடன் கேட்டபோது இயந்திர விலையில் நான்கில் ஒரு பங்கை, அதாவது 5 லட்சத்தை, நாங்கள் போட வேண்டும் என்றார்கள், ஜி.எஸ்.டி. தொகையையும் நாங்களே கட்டிக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஆக 8 லட்சத்து 60 ஆயிரம் கையிலிருந்து போக வேண்டும். இதற்கு மேல் அம்மா பெயரில் இருந்த வீட்டுப் பத்திரத்தையும் கேட்டார்கள். சொத்துப் பிணை இல்லாமல் சிறு தொழில்களுக்குக் கடன் கொடுப்பதற்காகவே 2000-ஆம் ஆண்டிலிருந்து சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்ற உத்தரவாத நிதியம் இயங்கி வருகிறது என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லியும் பார்த்தேன். மேலாளர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. எங்களிடம் இருந்த மொத்தச் சேமிப்பு 7 லட்சம்.

அந்த 7 லட்சத்தில் இயந்திரத்துக்கு மட்டும் பணம் எடுத்து வைத்தால் போதாது என்பதைப் புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஷெட்டுக்கு முன்பணம், மூன்று ஃபேஸ் மின் இணைப்பு, ஸ்டெபிலைசர், கம்ப்ரசர், இரும்பைப் பிடித்துச் சுழற்றும் சக்குக்கு ஜா, வெட்டுக்கருவியைப் பிடிக்கும் டூல் ஹோல்டர், அளவு பார்க்க மைக்ரோமீட்டரும் போர் கேஜும், ஒரு பேரல் கூலன்ட் எண்ணெய் என்று வரிசையாக நிற்கும். இவற்றையெல்லாம் வாங்கி முடித்து ஜாப் (பிறருக்குச் செய்து கொடுக்கும் வேலை) ஓட்ட ஆரம்பித்தாலும் பணம் உடனே வராது. 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டம், சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் 45 நாட்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று சொல்கிறது. நாங்கள் ஷாஃப்ட் கடைந்து கொடுத்த பம்பு நிறுவனம் முதல் பில்லுக்குப் பணம் கொடுத்தது 82-ஆவது நாளில். அதுவரை ஆபரேட்டர் சம்பளம், கரண்ட் பில், இன்செர்ட் (தேயத் தேய மாற்றும் வெட்டுமுனை) செலவு எல்லாம் நம் கையிலிருந்துதான்.

லீசில் நாங்கள் முதலில் கட்டியது 2 லட்சம் வைப்புத்தொகையும் முதல் மாத வாடகையும்தான். மீதிப் பணத்தில் ஷெட்டை ஒழுங்கு செய்த பிறகும் கையில் இரண்டரை லட்சத்துக்கு மேல் இருந்தது. அந்தப் பணம் இல்லாதிருந்தால் அந்த 82 நாட்களை நாங்கள் தாண்டியிருக்க மாட்டோம். லீசு என்பது மலிவான வழி அல்ல. கைப்பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்வதற்கு நாம் கொடுக்கும் விலை. அந்த விலை எவ்வளவு என்பதைத் தெரிந்துகொண்டு கொடுக்கிறோமா என்பதுதான் கேள்வி.

அதைக் கணக்கிடுவது கடினம் அல்ல, ஆனால் முகவர்கள் சொல்லும் கணக்கு வேறு மாதிரி இருக்கும். எங்கள் வாடகை மாதம் 60,000 ரூபாய், 36 மாதங்கள், ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் கட்ட வேண்டும். காலம் முடிந்ததும் 2 லட்சம் வைப்புத்தொகையை இயந்திரத்தின் விலையாக எடுத்துக்கொண்டு இயந்திரத்தை எங்களுக்கே கொடுத்துவிடுவதாகப் பேச்சு. மொத்தம் நாங்கள் கொடுப்பது 23 லட்சத்து 60 ஆயிரம். 20 லட்ச ரூபாய் இயந்திரத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம் கூடுதல், மூன்றால் வகுத்தால் ஆண்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம், ஆகவே வட்டி 6 சதவீதம்தான் என்று முகவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். வங்கி 11 சதவீதம் கேட்டிருந்ததால் எனக்கு அது பெரிய சலுகையாகத் தெரிந்தது.

அந்தக் கணக்கில் இரண்டு விஷயங்கள் விடுபட்டிருந்தன. முதல் நாளே 2 லட்சத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டதால், உண்மையில் அவர்கள் நமக்காகப் போட்ட அசல் 18 லட்சம் மட்டுமே. அதோடு, மாதா மாதம் நாம் கட்டக் கட்ட அந்த அசல் குறைந்துகொண்டே வருகிறது. முழு மூன்று ஆண்டுகளுக்கும் 20 லட்சம் நம்மிடம் இருந்ததாக வைத்து வட்டி கணக்கிடுவது சரியல்ல. எக்செல்லில் உள்ள ரேட் சூத்திரத்தில் 36 தவணை, 60,000 ரூபாய், 18 லட்சம், தவணை மாதத் தொடக்கத்தில் என்று கொடுத்துப் பார்த்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 1.08 சதவீதம் வருகிறது. ஆண்டுக்கு 13 சதவீதம். முகவர் சொன்ன ஆறு, உண்மையில் பதின்மூன்று. இதே 18 லட்சத்தை 11 சதவீதத்தில் அதே முறையில் கட்டியிருந்தால் மூன்று ஆண்டுகளில் மிச்சமாகியிருக்கக்கூடிய தொகை சுமார் 58,000 ரூபாய். வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுபோய் வைக்காமல் இருந்ததற்கு அந்த 58,000 ரூபாயை நான் இன்றைக்கும் மனமுவந்து கொடுப்பேன். ஆனால் கையெழுத்துப் போட்ட அன்று அந்த எண் எனக்குத் தெரியாது; அதுதான் பிழை.

ஜி.எஸ்.டி. பக்கத்தில் லீசுக்கு ஒரு நியாயமான சாதகம் உண்டு. சொந்தமாக வாங்கினால் 3 லட்சத்து 60 ஆயிரம் வரியை முதல் நாளே கட்டிவிட்டு, பிறகு நாம் வசூலிக்கும் வரியில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்ள வேண்டும். புதிய பட்டறைக்கு முதல் ஆண்டில் விற்றுமுதல் குறைவு என்பதால் அந்த வரவு மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் கணக்கேட்டிலேயே கிடக்கும். லீசில் இயந்திரத்தை வாங்குபவர் லீசு நிறுவனம். வரியை அவர்கள் கட்டுகிறார்கள். சட்டப்படி இயந்திரத்தை வாடகைக்குக் கொடுப்பது சேவையாகக் கருதப்படுவதால், நாம் ஒவ்வொரு மாத வாடகைக்கும் 18 சதவீதம், அதாவது 10,800 ரூபாய் கட்டி, அந்த மாதமே அதை வரவு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த வரவு கிடையாது. அவர்களுக்கு வாடகை 60,000 அல்ல, 70,800. இதைக் கவனிக்காமல் கையெழுத்திட்ட ஒரு பவுடர் கோட்டிங் பட்டறைக்காரரை எனக்குத் தெரியும்.

வருமான வரிச் சலுகையைப் பற்றி முகவர்கள் நிறையப் பேசுவார்கள். வாடகை முழுவதையும் செலவாகக் காட்டலாம் என்பது உண்மை. சொந்த இயந்திரத்துக்கு வழக்கமாக ஆண்டுக்கு 15 சதவீதத் தேய்மானமும் கடன் வட்டியும் கழியும் என்பதும் உண்மை. ஆனால் லாபம் வந்தால்தானே வரி? முதல் இரண்டு ஆண்டுகள் எங்களுக்கு வரி கட்டும் அளவுக்கு லாபமே இல்லை. விற்றுமுதலில் இத்தனை சதவீதம் லாபம் என்று கணக்குக் காட்டும் உத்தேச வரி முறையில் இருப்பவர்கள் வாடகையைத் தனியாகக் கழிக்கவே முடியாது. ஆகவே தொடக்க நிலையில் இருப்பவர்கள் இந்தச் சலுகையைக் கணக்கில் சேர்க்காமலேயே முடிவெடுப்பது நல்லது. கொடுக்கும் பணத்திலேயே வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டும் டி.டி.எஸ். பற்றியும் ஒரு குறிப்பு: முந்தைய ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடியைத் தாண்டிய தனிநபர் தொழில்களும், எல்லா நிறுவனங்களும் கூட்டாண்மைகளும் மாத வாடகை 50,000 ரூபாய்க்கு மேல் போனால் 2 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும், ஆடிட்டரிடம் முதல் மாதமே கேட்டுவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமான கணக்கு மணிக் கணக்கு. எங்களுக்கு அன்று கிடைத்த ஜாப் கட்டணம் ஒரு மணி நேரத்துக்கு 350 ரூபாய். 60,000 ரூபாய் வாடகைக்கு மட்டும் இயந்திரம் மாதம் 172 மணி நேரம் ஓட வேண்டும். ஆபரேட்டர் சம்பளம், மின்சாரம், இன்செர்ட், கூலன்ட் எல்லாம் சேர்ந்து இன்னொரு 40,000 என்று வைத்தால், 286 மணி நேரம் ஓடினால்தான் கைக்காசு போகாது. இரண்டு ஷிஃப்ட் முழுதாக ஓடினால் மாதம் 400 மணி நேரம் கிடைக்கும், அதனால் இது எளிது என்று காகிதத்தில் தோன்றும். இயந்திரத்தின் திரையில் ஸ்பிண்டில் (சுழலும் தண்டு) ஓடிய நேரத்தைக் காட்டும் ஓர் எண் உண்டு. முதல் மாத முடிவில் அதைப் பார்த்தேன்: 131 மணி நேரம். மீதி நேரமெல்லாம் செட்டிங், முதல் பீஸ் ஆய்வு, மெட்டீரியல் வரக் காத்திருத்தல், ஜாபே இல்லாத நாட்கள். ஆறாவது மாதத்தில்தான் நாங்கள் 290-ஐத் தொட்டோம். இன்று என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு என்பதை அல்ல. கையில் எத்தனை மணி நேர வேலைக்கு ஆர்டர் இருக்கிறது, அந்த ஆர்டர் எத்தனை மாதங்களுக்கு என்பதைத்தான். ஓராண்டு ஆர்டரை நம்பி ஐந்தாண்டு லீசில் கையெழுத்திடுவது, மாத வாடகை குறைவாகத் தெரிவதால் பலரும் செய்யும் காரியம். நான்கு ஆண்டுகளின் ஆபத்தை அவர்கள் தம் தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

ஆறாவது மாதத்தில் 290 மணி நேரத்தைத் தொட்டோம் என்றேன். அது 2020 ஜனவரி. மார்ச் 25 அன்று எல்லாம் நின்றது.

ஊரடங்கின்போது நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் லீசு ஒப்பந்தத்தின் உண்மையான குணம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி தவணைக் கடன்களுக்கு மூன்று மாத அவகாசம் அறிவித்தது. பிறகு அது ஆகஸ்ட் இறுதி வரை நீட்டிக்கப்பட்டது. கம்ப்ரசருக்காக நாங்கள் வங்கியில் வாங்கியிருந்த சிறு கடனுக்கு அந்த அவகாசம் தானாகவே கிடைத்தது. லீசு நிறுவனத்துக்கு நான் தொலைபேசியில் அழைத்தபோது, தாங்கள் கடன் கொடுக்கும் நிறுவனம் அல்ல, இயந்திரங்களை வாடகைக்கு விடும் நிறுவனம், ஆகவே அந்த அறிவிப்பு தங்களுக்குப் பொருந்தாது என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். ரிசர்வ் வங்கியின் அறிவிப்பு வங்கிகளுக்கும், தன்னிடம் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களுக்கும்தான். எங்களுக்கு லீசு கொடுத்தது அந்தப் பதிவு இல்லாத நிறுவனம். ஷெட் பூட்டிக் கிடந்தது. பம்பு நிறுவனமும் பூட்டிக் கிடந்தது. ஏப்ரல் 5 அன்று என் வங்கிக் கணக்கிலிருந்து 70,800 ரூபாய் தானாகப் போனது.

பிறகு ஒப்பந்தத்தை எடுத்து வாசித்தேன். பதினொன்றாவது பிரிவில் தெளிவாகவே இருந்தது: இயந்திரம் பழுதானாலும், ஓடாவிட்டாலும், இயற்கைச் சீற்றமோ அரசாங்க ஆணையோ எதுவாயினும், குத்தகைதாரர் வாடகையை நிறுத்தவோ குறைக்கவோ உரிமை இல்லை. இந்தப் பிரிவு ஏறக்குறைய எல்லா இயந்திர லீசு ஒப்பந்தங்களிலும் இருக்கும், அதை நீக்க எந்த நிறுவனமும் சம்மதிக்காது. அதனால் நம்மால் செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, லீசு கொடுப்பவர் ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனமா என்று பார்ப்பது. பட்டியல் ரிசர்வ் வங்கியின் தளத்திலேயே இருக்கிறது. மற்றொன்று, குறைந்தது மூன்று மாத வாடகையைத் தொடாமல் ஒரு தனிக் கணக்கில் போட்டு வைத்த பிறகே இயந்திரத்தை இறக்குவது. எங்களிடம் அப்படி எதுவும் இருக்கவில்லை. ஏப்ரல், மே இரண்டு மாத வாடகையை அம்மாவின் நகையை வைத்துத்தான் கட்டினோம். பத்திரத்தைக் காப்பாற்ற லீசுக்குப் போனோம். வளையல்கள் அடகுக்குப் போயின. 2021 தீபாவளிக்கு முன்தான் அவற்றை மீட்டுக் கொடுத்தேன்.

காலம் முடியும்போது நடந்தது இரண்டாவது பாடம். 36-ஆவது மாதம் 2022 ஜூலை. இயந்திரம் நமக்கு வந்துவிடும் என்ற நினைப்பில் நான் ஜூலை இரண்டாவது வாரம் அழைத்தேன். ஒப்பந்தம் முடிவதற்கு 90 நாட்களுக்கு முன்பே எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்காததால், ஒப்பந்தம் அதே வாடகையில் தானாக ஆறு மாதங்களுக்கு நீட்டிக்கப்பட்டுவிட்டது என்றார்கள். வைப்புத்தொகையை விலையாக எடுத்துக்கொண்டு இயந்திரத்தைக் கொடுப்பதாகச் சொன்ன முகவர் அந்த நிறுவனத்திலேயே இல்லை. ஒப்பந்தத்திலோ இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் எழுதியிருந்தது. இதற்குக் காரணம் உண்டு: வாங்கிக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதினால் அது லீசு அல்ல, ஹயர் பர்சேஸ் (தவணைக் கொள்முதல்) என்று வரித்துறை கருத இடமுண்டு என்பதால், பல நிறுவனங்கள் அதை வாய்மொழியாகவே வைத்துக்கொள்கின்றன. பலர் நாணயமாக நடக்கவும் செய்கிறார்கள். ஆனால் ஆள் மாறினால் வாய்மொழி என்ன ஆகும்? நான்கு முறை சென்னைக்குப் போய்ப் பேசி, ஆறு மாதத்தை மூன்று மாதமாகக் குறைத்து, 1 லட்சத்து 80 ஆயிரமும் அதற்கு வரியும் கூடுதலாகக் கட்டித்தான் இயந்திரத்தை எங்கள் பெயருக்கு மாற்றினோம். ஒரு மின்னஞ்சலாவது கையில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

சிறிய விஷயங்கள் சிலவும் உண்டு. இயந்திரத்தின் பில் லீசு நிறுவனத்தின் பெயரில் இருப்பதால், உத்தரவாதக் காலத்தில் பழுது வந்தபோது சர்வீஸ் பொறியாளர் உரிமையாளரின் கடிதம் கேட்டார். ஹைட்ராலிக் எண்ணெய் தரையில் ஒழுகிக்கொண்டிருக்க, கடிதம் வர ஐந்து நாட்கள் ஆயின. அந்தக் கடிதத்தை முதல் நாளே வாங்கி வைத்துவிட வேண்டும். இயந்திரத்தின் பக்கவாட்டில் நிறுவனத்தின் பெயர்ப் பலகையை ரிவெட் அடித்திருப்பார்கள். அவர்கள் அனுமதி இல்லாமல் வேறு ஷெட்டுக்கு மாற்றக்கூடாது. நாம் வாடகை பாக்கி வைத்தால் ஷெட் உரிமையாளர் இயந்திரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் இருக்க, அவரிடமும் ஒரு கடிதம் வாங்கச் சொல்வார்கள். எங்கள் ஷெட்காரரை அதற்குச் சம்மதிக்க வைக்கவே ஒரு வாரம் ஆனது. காப்பீடு நம் செலவு, இழப்பீடு அவர்கள் பெயருக்கு. புதிய ஆபரேட்டர் ஒருவர் ஆஃப்செட்டை, அதாவது கருவி நிற்க வேண்டிய அளவைத் தவறாகக் கொடுத்து, வெட்டுக்கருவிகளைத் தாங்கும் டர்ரெட் போய்ச் சக்கில் மோதிய நாளில், அந்தச் சத்தம் ஷெட் முழுவதும் அதிர்ந்து அடங்கிய பிறகு எனக்கு முதலில் தோன்றியது, இது நம்முடைய இயந்திரமே இல்லையே என்பதுதான். சரிசெய்த செலவு 64,000 ரூபாய். வாடகை வழக்கம்போல ஐந்தாம் தேதி போனது.

லீசு கொடுப்பவரின் நிலைமையையும் பார்க்க வேண்டும் என்று சொன்னால் இளைஞர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். நம் நாட்டில் இந்தத் தொழிலுக்குப் பழைய வரலாறு உண்டு. 1955-இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறுதொழில் கழகம் சிறு பட்டறைகளுக்கு இயந்திரங்களைத் தவணை முறையில் கொடுத்தது. தனியார் துறையில் முதல் லீசு நிறுவனமான ஃபர்ஸ்ட் லீசிங் கம்பெனி ஆஃப் இந்தியா 1973-இல் சென்னையில்தான் தொடங்கியது. நாற்பது ஆண்டுகள் நடந்த அந்த நிறுவனத்தின் நிதித் தொழிலுக்கு 2013-இல் ரிசர்வ் வங்கி தடை விதித்தது. நம்மிடம் இருக்கும் இயந்திரத்தை லீசு கொடுத்தவர்கள் ஒரு வங்கியில் அடமானம் வைத்திருக்கலாம். நம் வைப்புத்தொகை அவர்களிடம் இருக்கிறது. அவர்கள் விழுந்தால் இரண்டும் கேள்விக்குறியாகும். வைப்புத்தொகையை முடிந்தவரை குறைத்துப் பேசுவதற்கு இது போதுமான காரணம்.

எதை லீசுக்கு எடுக்கலாம், எதை வாங்கலாம் என்பதில் எனக்கு இப்போது ஓரளவு தெளிவான கருத்து இருக்கிறது. மடிக்கணினி, சர்வர், பிரிண்டர் போன்றவை மூன்று ஆண்டுகளில் பழையதாகிவிடும்; அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியவற்றை வாங்கிக்கொள்ளும் வகையில், பராமரிப்பும் அவர்கள் பொறுப்பில் இருக்கும் ஆப்பரேட்டிங் லீசு நல்லது. லேத், மில்லிங் போன்ற கெட்டி இயந்திரங்கள் பதினைந்து ஆண்டுகள் உழைக்கும், பழைய விலைக்கும் நன்றாகப் போகும். முடிந்தால் அவற்றைச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும், முடியாதபோது எடுக்கும் ஃபைனான்ஸ் லீசு பெயரளவில்தான் வாடகை, உள்ளபடி அது கடன். மருத்துவ ஆய்வகம் வைத்திருக்கும் ஈரோட்டு நண்பர் ஒருவருக்கு ரத்தப் பரிசோதனை இயந்திரத்தையே இலவசமாக வைத்துக் கொடுத்தார்கள். ஆனால் மாதம் இவ்வளவு ரீஏஜென்டை (சோதனைக்கான ரசாயனத்தை) அவர்களிடமே வாங்கியாக வேண்டும். நோயாளிகள் வராத மாதத்திலும் அந்த அளவு குறைவதில்லை. வாடகை என்ற சொல் இல்லாத அந்த ஒப்பந்தமும் ஒரு லீசுதான்.

முதல் தலைமுறைத் தொழில்முனைவோராக, பட்டமோ டிப்ளமோவோ ஐ.டி.ஐ.யோ முடித்தவராக இருந்தால், லீசு அலுவலகத்துக்குப் போகும் முன் மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு முறை போய் வர வேண்டும். தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் திட்ட மதிப்பில் 25 சதவீதம் மானியமும் கடன் வட்டியில் 3 சதவீதச் சலுகையும் உண்டு. மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. எனும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்ட மதிப்பு அனுமதிக்கப்படுகிறது. இந்த மானியங்கள் சொந்தமாகச் செய்யும் முதலீட்டுக்கு உரியவை. லீசுக்கு எடுத்த இயந்திரத்துக்குக் கிடைக்காது. காத்திருக்க மாதங்கள் ஆகலாம், ஆனால் 20 லட்ச இயந்திரத்துக்கு 5 லட்சம் என்பது எட்டு மாத வாடகைக்கு மேல். நான் அப்போது விசாரிக்கவே இல்லை. எங்கள் இரண்டாவது இயந்திரத்தை 2023-இல் கடன் வாங்கித்தான் எடுத்தோம்.

அந்த இரண்டு இளைஞர்களும் விசாரித்தார்கள். ஒருவருக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது. மற்றவரின் விண்ணப்பம் முடிவதற்குள் கையில் இருக்கும் ஆர்டர் போய்விடும். ஆகவே லீசு என்று முடிவு செய்தார்கள். கையில் பதினெட்டு மாத ஆர்டர் இருக்கிறது; 24 மாத லீசு, பழைய இயந்திரம், மாதம் 38,000 ரூபாய். போன வெள்ளிக்கிழமை மாலை மூவரும் உட்கார்ந்து ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்தோம். 90 நாள் அறிவிப்பை 30 நாளாகவும், தானாக நீட்டிப்பதை மாதத்துக்கு மாதம் என்றும் மாற்றக் கேட்டார்கள்; நிறுவனம் முதலாவதை மறுத்து இரண்டாவதை ஒப்புக்கொண்டது. முடிவில் என்ன விலைக்குக் கொடுப்பார்கள் என்பதை மேலாளர் தம் மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிட்டார். 90 நாள் கணக்கில் வரும் தேதியை ஒருவர் தம் தொலைபேசியில் குறித்துக்கொண்டார், மற்றவர் ஷெட் சுவரில் சாக்பீஸால் எழுதினார். இயந்திரம் புதன்கிழமை வந்து இறங்குகிறது. லெவலிங் பார்க்க ஸ்பிரிட் லெவலை எடுத்துக்கொண்டு நானும் போகிறேன்; தேங்காய் உடைக்கத் தானும் வருவதாக அம்மா சொல்லியிருக்கிறார்.